முகம் வைத்த சாலட்

காய்கறிக் கடைக்காரிக்கு அந்த அம்மாளைத் தெருமுனையில் கண்டாலே கொட்டாவி வந்துவிடும். அந்த அம்மாள் ஒரு தக்காளியைத் தேர்ந்தெடுப்பதற்குள் மற்றவர்கள் ஒரு விடுதிக்கே காய் வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கூடையில் கையை விட்டு அள்ளுகிற பழக்கமே கிடையாது. ஒவ்வொன்றாக எடுப்பாள், வெளிச்சத்தில் காட்டுவாள், இந்தப் பக்கம் திருப்புவாள், அந்தப் பக்கம் திருப்புவாள், பெருமூச்சு விட்டுக் கீழே வைப்பாள்.

"அழுகலா இருந்தா நான் ஏம்மா விக்கறேன்?" என்று கடைக்காரி ஆரம்பத்தில் சண்டைக்குப் போனதுண்டு. பிறகுதான் விஷயம் புரிந்தது. அழுகலெல்லாம் அந்த அம்மாளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பக்கம் லட்சணமாக இருந்தால் போதும், மறுபக்கத்தில் புழு குடும்பம் நடத்தினாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவாள்.

தொழில் அப்படி. சாப்பாட்டுக் கடைகளின் மெனு அட்டையிலும் வாசல் பலகையிலும் வாயில் எச்சில் ஊறும்படி படம் போடுகிறார்களே, அந்தப் படத்துக்குத் தட்டை அலங்கரித்துக் கொடுப்பவள் அவள். போட்டோ எடுப்பவர் வேறு ஆள். அவர் வந்து பட்டனை அழுத்துவார், பேரும் அவருக்கே போகும். இவளை ஸ்டூடியோவில் தட்டுக்காரம்மா என்பார்கள். அது அப்படியே தெருவுக்கும் பரவி, கடைக்காரி வரைக்கும் வந்துவிட்டது.

"வாங்க தட்டுக்காரம்மா. இன்னிக்கு என்ன படம்?"

"படம் இல்ல. சமையல்."

கடைக்காரி முக்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "சமையலா? சாப்பிடறதுக்கா?"

"பின்ன எதுக்கு?"

"இல்ல, நீங்க கேக்கறீங்களேன்னு பார்த்தேன். யாரு சாப்பிடப் போறாங்க?"

"என் பொண்ணு."

"அப்படின்னா நீங்க தள்ளுங்க, நான் எடுத்துத் தர்றேன்," என்று கடைக்காரி அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்து, மளமளவென்று வேலையில் இறங்கினாள். லெட்டூஸ் கீரையைக் காம்போடு முகர்ந்து பார்த்தாள். சோளக்கதிரின் மணியை நகத்தால் கீறி, பால் வருகிறதா என்று பார்த்தாள். அவகாடோ பழத்தில் தோல் கறுத்து, அமுக்கினால் லேசாகக் குழிகிற ஒன்றைத் தேடிப் பையில் போட்டாள். கொத்தமல்லி, வெங்காயத்தாள், எலுமிச்சை, பூண்டு எல்லாம் வந்து சேர்ந்தன. தட்டுக்காரம்மா தலையாட்டிக்கொண்டே நின்றாள். ஆனால் கடைக்காரி சில்லறைக்குத் திரும்பிய நேரம் பார்த்து, அந்தக் கறுத்த அவகாடோவை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பச்சைப்பசேலென்று பளபளக்கும் ஒன்றைப் பைக்குள் தள்ளிவிட்டாள். பழக்கம் யாரை விட்டது?

மகள் ஊரின் மறுகோடியில் தனியாக வீடெடுத்து இருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அம்மாவும் படம், பெண்ணும் படம். அம்மா வெளியே மினுக்கிக் காட்டுவாள், பெண் உள்ளே இருக்கிற ஓட்டையைக் காட்டுவாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள்: "சாப்பிட்டுத்தான்மா வந்தேன்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுத் தட்டுக்காரம்மாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. மனசு மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சுருக்கென்றுதான் இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியாமலில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று உண்டு. அதில் ஒருவரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பசைக் குப்பி, கிளிசரின், இடுக்கி, தூரிகை, சாயக் கிண்ணங்கள் என்று அது முழுக்க அவளுடைய பட்டறை. மறுநாள் படத்துக்கான ஒத்திகைத் தட்டு எப்போதும் நடுவில் இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் பசியோடு வந்தவள், மேஜைமேல் இருந்த கேக்கைப் பார்த்து ஆசையாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மேலே இருந்த க்ரீம், அப்பா முகச்சவரத்துக்குப் பூசுகிற நுரை. பிள்ளை இரண்டு நாள் எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தது.

அன்றைக்குப் பிறகு வீட்டில் ஒரு கேள்வி பிறந்தது. எதைக் கையில் கொடுத்தாலும் குழந்தை முதலில் முகர்ந்து பார்க்கும். பிறகு கேட்கும்: "சாப்பிடவா, படத்துக்கா?"

அப்பா சமையலறையிலிருந்து "சாப்பிட, சாப்பிட!" என்று கத்துவார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், வீட்டில் ஒருநாளும் குரலை ஏற்றியதில்லை. மனைவி தட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அடுப்பு அவர் பொறுப்பாகிவிட்டது. முட்டையும் ரொட்டியும் அவித்த கிழங்குமாக, மகளை அடுப்பு மேடையோரம் நிற்க வைத்தே ஊட்டி வளர்த்தார். இப்போதும் அவர் நீட்டினால் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள். மேஜைப் பக்கம் மட்டும் வரமாட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அவள் கிளம்புவதற்கு முன் வருகிற கடைசி ஞாயிறு இது. போகிற பிள்ளை தன் கையால் ஒரு தட்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தட்டுக்காரம்மாவுக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. மகளுக்கு என்ன பிடிக்கும் என்று பெற்றவள் கணவரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"பஸ் திரும்பற முனையில ஒரு ரெஸ்டாரன்ட் இருக்குல்ல, அதுல ஏதோ சாலட்டாம்," என்றார் கணவர். "சவுத்வெஸ்டர்ன் சாலட். தெக்கா மேக்கான்னு அவங்களுக்கே ஒரு முடிவு இல்ல போல. இப்ப கடையை மராமத்துக்கு மூடிட்டாங்களாம். ஊருக்குப் போறதுக்குள்ள இன்னொரு தடவை சாப்பிட முடியாம போச்சேன்னு போன்ல ஒரே புலம்பல்."

தட்டுக்காரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" என்றார் அவர்.

"அந்தக் கடை வாசல்ல ஒரு பெரிய பலகை இருக்குமே."

"ஆமா. அந்தச் சாலட் படம்தான் போட்டிருக்கும்."

"அது என் தட்டுங்க."

 சிரிக்கப் போன கணவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா அந்தக் கடைச் சாப்பாடும் அவளுக்கு இறங்காது."

அந்தச் சாலட்டை அவள் அங்குலம் அங்குலமாக அறிவாள். சோளம் எத்தனை மணி எங்கே கருகியிருக்க வேண்டும், கறுப்பு பீன்ஸ் கொட்டை எந்த இலைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்க வேண்டும், மேலே ஊற்றுகிற காரமான டிரெஸ்ஸிங் எந்த நிறம் என்பதெல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். படம் எடுத்த அன்றைக்கு அந்தக் கடைச் சமையல்காரர் அசல் டிரெஸ்ஸிங்கை ஒரு கரண்டியில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தார். காவியும் ரோஸும் கலந்த நிறம். அசல் டிரெஸ்ஸிங் விளக்குச் சூட்டில் நீர்த்துவிடும் என்பதால், தலைக்குப் போடுகிற கண்டிஷனரில் சாயம் கலந்து அச்சு அசலாக அந்த நிறத்தைக் கொண்டுவந்தவள் இவள்தான். சமையல்காரரே கரண்டி மாறி எடுக்கப் போனார். அவ்வளவு பொருத்தம். ஆனால் அந்தச் சாலட்டின் ருசி மட்டும் அவளுக்குத் தெரியாது.

சமையல்காரருக்குப் போன் போட்டாள். கடை மூடிக் கிடந்ததால் மனிதர் வீட்டில் சும்மா இருந்தார், ஞாபகத்துக்கு வந்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னார். கெட்டித் தயிர், கொஞ்சம் மயோனைஸ், துருவின பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சை, சொட்டுத் தேன், உப்பு, புகை போட்ட மிளகாய்த்தூள்.

"அளவு?"

"அளவென்னம்மா அளவு, நாக்குல வெச்சுப் பார்த்தா அதுவே சொல்லும்."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது என்பது அவளுக்குக் கனவிலும் வராத காரியம். பசையும் வார்னிஷும் புரளுகிற தொழிலில், வேலை செய்கிற விரல் வாய்க்குப் போகக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அந்தப் பாடம் அவளுக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

ஞாயிறு காலையில் மேஜையைப் பாதி ஒழித்தாள். மீதிப் பாதியில் பசைக் குப்பிகள் நெருக்கியடித்து நின்றன. சோளக்கதிரை அடுப்புத் தீயில் நேராகக் காட்டி, அங்கங்கே கருக விட்டு, மணிகளைக் கத்தியால் சீவினாள். பீன்ஸ் முந்தின நாளே ஊறி, வெந்து, ஆறியிருந்தது. லெட்டூஸைக் கழுவி, ஒவ்வோர் இலையாகத் துணியில் ஒற்றினாள். சோளமாவு ரொட்டியை நீளநீளமாக நறுக்கிக் கணவர் பொரித்துக் கொடுத்தார். அவகாடோவில் கத்தி இறங்க மறுத்தது. கல்லாக இருந்தது. ஆனால் துண்டுகளின் ஓரம் என்ன கூர்மை! படத்துக்கு என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பிறகு டிரெஸ்ஸிங். தயிரில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கலக்கினாள். மிளகாய்த்தூளை ஒரு சிட்டிகை போட்டாள். வெளுப்பாக இருந்தது. ஒரு கரண்டி போட்டாள். நோயாளி முகம் மாதிரி லேசாக நிறம் ஏறியது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். இன்னும் வேண்டும். இன்னொரு கரண்டி, அதற்குமேல் அரை, அதற்குமேல் கொஞ்சம். டப்பாவின் அடி கண்ணுக்குத் தெரிந்தபோது, அந்தக் காவி கலந்த ரோஸ் வந்து நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"கொஞ்சம் கொடு, ருசி பார்க்கறேன்," என்று கணவர் விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று பட்டென்று கையில் ஒன்று வைத்தாள். முப்பது வருஷமாக அவள் மேஜையில் நீளுகிற எந்தக் கைக்கும் கிடைக்கிற அடி அது. அவரும் பழக்கதோஷத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

தட்டில் அடுக்கத் தொடங்கியதும் அவள் ஆளே மாறிப்போனாள். உயரம் வர வேண்டுமென்று தட்டின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அதை மறைத்து இலைகளை மடித்துச் செருகினாள். ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் தக்காளி, சோளம், அவகாடோ. பீன்ஸை இடுக்கியால் ஒவ்வொன்றாக, பளபளக்கிற முதுகு வெளியே தெரியும்படி வைத்தாள். அதைத்தான் அவர்கள் தொழிலில் முகம் வைப்பது என்பார்கள். ஒரு தட்டுக்கு ஒரு முகம். கேமரா பார்க்காத பக்கத்துக்கு எவனும் மெனக்கெடுவதில்லை. கடைசியில் சொட்டு மருந்துக் குழாயால் டிரெஸ்ஸிங்கை மூன்று இடத்தில் வழிய விட்டு, மீதியைக் கிண்ணத்தோடு பக்கத்தில் வைத்தாள். எட்ட நின்று பார்த்தாள். பலகையில் இருந்த சாலட் இறங்கி வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தது.

வாசல் மணி அடித்தது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டுத்தான்மா வந்தேன்," என்றாள் மகள்.

 "பரவாயில்ல. சும்மா வந்து பாரேன்," என்றாள் தட்டுக்காரம்மா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

மகள் வந்து பார்த்தாள். ஒரு நொடி அவள் கண் அகன்றது. "அந்தக் கடை சாலட்! அப்படியே இருக்கே!" என்றவள், நாற்காலியில் உட்காராமல் மேஜையைச் சுற்றி வந்தாள். தட்டுகளின் முதுகுப் பக்கம் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அத்துப்படி. எந்தத் தட்டானாலும் பல்குத்தியும் பசையும் அங்கேதான் இருக்கும். குனிந்து பார்த்தாள். ஒரு தக்காளி இல்லை, ஒரு சோளமணி இல்லை, வெறும் இலைச்சுவர். ஓர் இலையை விரலால் விலக்கினாள். உள்ளே கவிழ்த்த கிண்ணத்தின் அடிப்பாகம் மின்னியது.

தட்டுக்காரம்மாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. சாப்பிடுகிறவளுக்கு எதற்குக் கிண்ணம்? யார் சொன்னார்கள் ஒரு பக்கம் மட்டும் அலங்கரிக்க? கை தானாகச் செய்துவிட்டது.

மகள் நிமிர்ந்தாள். கோபமில்லை அவள் முகத்தில். அதுதான் இன்னும் மோசம். லேசாகச் சிரித்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சாப்பிடவா, படத்துக்காம்மா?"

வாயால் சொன்னால் நம்ப மாட்டாள் என்று தட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தது. ஒரு கரண்டியை எடுத்தாள். கிண்ணத்திலிருந்த டிரெஸ்ஸிங்கை முழுக் கரண்டி மொண்டு ஓர் இலைமேல் ஊற்றினாள். சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் தன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டதை அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. கணவர் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டார்.

முதலில் தயிரும் தேனும் குளுகுளுவென்று இறங்கின. பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் பற்றிக்கொண்டது. நாக்கு, தொண்டை, காது, உச்சந்தலை என்று வரிசையாகத் தீப்பிடித்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொட்டியது. விக்கல் வேறு.

மகள் முகம் வெளிறிவிட்டது. "அம்மா! துப்பும்மா! என்ன ஊத்துன அதுல? பசையா? பெயின்ட்டா? துப்பு சொல்றேன்!" என்று தாடைக்குக் கீழே கையை ஏந்தினாள். பல் நோயாளிகளுக்கு ஏந்தி ஏந்திப் பழகிய கை. "அப்பா, தண்ணி கொண்டாங்க, சீக்கிரம்!"

துப்பினால் தீர்ந்தது கதை. இந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாள். தட்டுக்காரம்மா பல்லைக் கடித்து, தலையை ஆட்டி ஆட்டி மறுத்து, அந்த நெருப்பை மென்று விழுங்கினாள். "மி… மி…" என்று விக்கினாள்.

"மின்சாரமா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"மிளகாய்!"

 மகள் விரல்நுனியைக் கிண்ணத்தில் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஐயையோ!" என்று குதித்தாள். வாயைத் திறந்து கையால் விசிறிக்கொண்டாள். அந்த நிலையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, சாப்பாடுதாம்ப்பா! நிஜமான சாப்பாடு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தவரும் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் தானே ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "எவ்வளவும்மா போட்ட?" என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அந்தக் கலர் வர்ற வரைக்கும் போட்டேன்."

"எந்தக் கலர்?"

"அந்தக் கடையில ஊத்துவாங்களே, அந்தக் கலர்."

"அது மிளகாயோட கலர் இல்லம்மா. சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு மசிச்சுக் கலக்குவாங்க. வாயில வெச்சாலே தெரியுமே, லேசா இனிக்கும், தீயில காட்டின வாசனை அடிக்கும்."

"நான் வாயில வெச்சதில்லையே," என்றாள் அம்மா.

மகள் அவளைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "குடைமிளகாய் இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது. மறுநாள் படத்துக்காக ஊரையெல்லாம் சலித்துத் தேடிப் பிடித்தது. நாலு பக்கமும் மாசு மருவில்லாமல், எங்கே திருப்பினாலும் முகமாக இருக்கிற அபூர்வப் பிறவி. மகள் அதைக் கையில் எடுத்தவள், "இது படத்துக்கா?" என்று தயங்கினாள்.

"சாப்பிட," என்றாள் தட்டுக்காரம்மா. வாங்கி, தானே அடுப்பைப் பற்றவைத்து, தீயின்மேல் வைத்தாள். பளபளத்த தோல் சுருங்கிக் கறுத்து வெடித்தது. ஒரு தடவை அதை இறக்கிவிடக்கூடக் கையை நீட்டினாள். ஆனால் எழுந்த வாசனையில் பசிக்கவும் செய்தது.

தோலை உரித்து, மசித்து, புதுத் தயிரில் கலந்தார்கள். பழைய டிரெஸ்ஸிங்கில் ஒரே ஒரு கரண்டியை அதில் விட்டார்கள். மகள் ருசி பார்த்து எலுமிச்சை கேட்டாள், மறுபடி பார்த்து உப்புக் கேட்டாள். "நீ பாரும்மா," என்று கரண்டியை நீட்டினாள். தட்டுக்காரம்மா பயந்துகொண்டேதான் நாக்கை நீட்டினாள். புளிப்பு, தித்திப்பு, புகை, எல்லாவற்றுக்கும் பின்னால் மெதுவாக எழுந்து வருகிற காரம். நிறத்தைப் பார்த்தாள். அதே காவி கலந்த ரோஸ். இத்தனை நாளும் அந்த நிறம் இந்த ருசிக்குச் சொந்தம் என்று தெரியாமலே இருந்திருக்கிறாள்.

மகள் அந்த அலங்காரத் தட்டை அப்படியே பெரிய பாத்திரத்தில் கவிழ்த்தாள். கிண்ணம் டங்கென்று விழுந்தது. எடுத்து ஓரமாக வைத்தாள். கல் அவகாடோவைப் பொறுக்கி அப்பா கையில் கொடுத்து, "இதை உங்க லிஃப்ட்டுக்கு எடை கட்டத் தொங்க விடுங்க," என்றாள். மேலே டிரெஸ்ஸிங்கை ஊற்றி, இரண்டு கையையும் விட்டுப் பிசறினாள். இலைகள் துவண்டன. பீன்ஸ் கும்பலாக ஒரு மூலைக்குப் போனது. தட்டுக்காரம்மாவின் கை தன்னையறியாமல் இடுக்கியைத் தேடியது. அது அங்கே இல்லை. கணவர் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் அறியாதவர் போல் நின்றார்.

பசைக் குப்பிகளைத் தரைக்கு இறக்கினார்கள். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். மகள் முகர்ந்து பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், காரத்துக்கு உஸ்ஸென்றுகொண்டு, பொரித்த ரொட்டியை நறநறவென்று கடித்துச் சாப்பிட்டாள். முதல் தட்டு முடிந்து, தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். தட்டுக்காரம்மா தன் தட்டைத் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று தோன்றியது.

"சாப்பிட்டுட்டு வந்தேன்னியே பாப்பா?" என்றார் அப்பா விளையாட்டாக.

"பொய்," என்றாள் வாய் நிறைய.

"இன்னிக்கா?" என்று அம்மா கேட்டாள்.

மகள் மெல்வது நின்றது. விழுங்கிவிட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "எப்பவுமேதான்மா."

 எத்தனை ஞாயிறு! பெற்ற பிள்ளை பசியோடு வந்து, பசியோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பசியோடு திரும்பிப் போயிருக்கிறது. அதை நினைத்தபோது நெஞ்சு தாங்கவில்லை. "பட்டினியாவா வீடு போய்ச் சேருவ?" என்றாள் தட்டுக்காரம்மா.

"அதுவரைக்கும் எங்க தாங்குறது? பஸ் அந்த முனையில திரும்பும்போது அந்தப் பலகை தெரியும்ல. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஓடற பஸ்ஸ நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். எவ்வளவோ படம் பார்த்திருக்கேன், எதையும் நம்பினதில்ல. இது என்னமோ…" மகள் கரண்டியால் ஒரு சோளமணியைத் தள்ளினாள். "யாரோ எனக்குன்னு எடுத்து வெச்சிட்டுக் காத்திருக்கற மாதிரி இருக்கும்மா. அதுக்கப்பறம் ஒவ்வொரு ஞாயிறும் இங்கேயிருந்து நேரா அங்கதான்."

அப்பா இருமினார். இன்னொரு தடவை இருமினார். அவர் மனைவியைப் பார்த்த பார்வையில், சொல்லித்தொலையேன் என்று எழுதி ஒட்டியிருந்தது.

"அந்தத் தட்டு நான் வெச்சது," என்றாள் தட்டுக்காரம்மா.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தப் பலகையில இருக்கறதா?"

"ம்."

"டிரெஸ்ஸிங்கு?"

"தலைக்குப் போடற கண்டிஷனர்."

"பீன்ஸ்?"

"வேகாதது. எண்ணெய் தடவினது."

"இலைக்கு அடியில?"

தட்டுக்காரம்மா ஓரமாகக் கிடந்த கிண்ணத்தைக் காட்டினாள். "இதே கிண்ணம்தான்."

மகள் அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் மேல் பழியைப் போட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தட்டுக்காரம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் யார் மேலும் பழி போடாமல் தாராளமாக அழுதார்.

மகள் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தட்டை அம்மா பக்கம் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றாள். "கேமரா பார்க்காத பக்கமும் சேர்த்துப் போடு."